பள்ளத்துக்குக் காவல்

சூசைப்பட்டியில் மரிய செல்வியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அவள் வீட்டுக்காரர் இருதயநாதன் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவள் கவுன்சிலரம்மா. பதவிக்காலம் முடிந்து, ஒன்றியக் கவுன்சிலே இல்லாமல் போய், அதிகாரிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற இந்த நாளிலும் அந்தப் பெயர் போகவில்லை. அவளும் போக விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். யாராவது வாய் தவறி 'முன்னாள்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அவளுக்கு முகம் சுண்டிப்போகும்.

தையல் மிஷினில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவளை அரசியலுக்கு இழுத்து வந்தது ஆசையில்லை, பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு. பெயருக்கு அவள் நிற்கட்டும், காரியத்தையெல்லாம் இருதயநாதன் பார்த்துக்கொள்வார் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். இருதயநாதனோ சர்ச் பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பதிலைக்கூட வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற மனிதர். வேறு வழியில்லாமல் மரிய செல்வியே பேசினாள். முதல் கூட்டத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கொஞ்ச நாளில் மேசையைத் தட்டிக் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். "எங்க ஊரு ரோட்டுல ஒரு தடவ வண்டியில வந்து பாருங்க சார், அப்பறம் ஒங்க முதுகே ஒங்களுக்குப் பதில் சொல்லும்" என்று ஒரு பெரிய அதிகாரியிடம் அவள் சொன்னதை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சாலைதான் அவள் வாழ்நாள் சாதனை. வாழ்நாள் வேதனையும் அதுதான் என்பது பின்னால் தெரிந்தது.

விராலிமலைப் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, கண்மாய்க் கரையோரமாக வளைந்து, கலிங்குப் பாலத்தைத் தாண்டிச் சூசைப்பட்டிக்கு வரும் சாலை அது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம் கலிங்கு, அதன்மேல்தான் பாலம். சாலை ஒன்றியத்துக்குச் சொந்தம். ஒன்றியத்திடம் இருக்கிற நிதிக்குச் சாலைகள் அதிகம், முறை வைத்துத்தான் போடுவார்கள். ஆகவே இதை நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றிவிட்டால் அகலமாகும், அடிக்கடி பராமரிப்பார்கள் என்று மரிய செல்வி கணக்குப் போட்டாள். நடையாய் நடந்து, தரம் உயர்த்தும் பட்டியலில் ஊர்ச் சாலையைச் சேர்த்தும் விட்டாள். அன்றைக்கு ஊரில் வெடி போட்டார்கள். "நம்ம ரோட்டுக்குப் புரமோசன் கெடச்சிருச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

புரமோஷன் கிடைத்த சாலைக்கு அதன்பிறகு ஒரு சட்டி ஜல்லி விழவில்லை. ஒன்றியத்தில் போய்க் கேட்டால், "அதத்தான் மேல அனுப்பிட்டோமே, இனிமே நாங்க செலவு செஞ்சா ஆடிட்ல கேள்வி வரும்" என்றார்கள். நெடுஞ்சாலை ஆபீஸில் கேட்டால், "இன்னும் எங்க கைக்கு வந்து சேரலையே, வராத ரோட்டுக்கு நாங்க எப்படி நிதி கேக்குறது?" என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது என்று தாய் வீட்டிலும், இன்னும் தாலி ஏறவில்லையே என்று மாமியார் வீட்டிலும் சொன்னால் அந்தப் பெண் எங்கே போய் நிற்பாள்? சூசைப்பட்டிச் சாலை அப்படித்தான் நடுவழியில் நின்றது. தார் பெயர்ந்தது, ஜல்லி தெறித்தது, கலிங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வளைவு முடிகிற இடத்தில், ஒரு ஆட்டுக்குட்டி படுத்தால் வெளியே தெரியாத அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

பதவி போன பிறகும் மரிய செல்வி ஆபீஸுக்கு நடப்பதை விடவில்லை. போன மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒரு நல்ல செய்தியோடு வந்தாள். சாலையை ஒப்படைக்கும் முன்னால் நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம். என்றைக்கு என்று சொல்லவில்லை. வருவார்கள் என்பது மட்டும் உறுதி.

மறுநாள் காலையில் ஜெபக்குமார் டிராக்டரில் கிராவல் மண் ஏற்றிக்கொண்டு கலிங்குப் பாலத்துக்கு வந்தான். இருதயநாதனின் தங்கை மகன். சிங்கப்பூரில் சில வருஷம் இருந்து, திரும்பி வந்து, டிராக்டர் வாங்கி ஓட்டுகிறவன். அவன் மனைவி ஷர்லி நர்ஸ். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தினமும் இந்தச் சாலையில்தான் ஸ்கூட்டியில் போய் வருவாள். குவைத்தில் வேலை கிடைத்து, விசா வந்து, பொங்கலுக்குப் பிறகு புறப்படுவதாக இருந்தது. மழை பிடிப்பதற்குள் பள்ளத்தை மூடிவிடலாம் என்று அவனாகத்தான் வந்தான், யாரும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மரிய செல்வி பஸ் ஏறுவதற்காக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"கொட்டட்டுமா அத்தை?" என்று டிராக்டரில் இருந்தபடியே கேட்டான் ஜெபக்குமார். மரியாதைக்குக் கேட்டதுதான்.

"அய்யய்யோ, கொட்டாத, கொட்டாத!" என்று இரண்டு கையையும் நீட்டி மறித்தாள் அவள். "ஆபீசருங்க பாக்க வாராங்கப்பா. இப்பப் போயி மூடிவச்சா என்னத்தப் பாப்பாங்க?"

"அவங்க எப்ப வாராங்களோ அத்தை. மழ வந்துருச்சுன்னா தண்ணி நின்னு பள்ளம் இருக்குறதே தெரியாது."

"ஒனக்கு ஞாபகம் இல்லையா? அன்னிக்குச் சூசையப்பர் திருவிழாவுக்கு நீங்கள்ளாம் சேந்து ரோடு பூரா மண்ணடிச்சு வச்சீங்க. மறுவாரம் வந்த ஆபீஸ் ஆளு, ரோடு பரவாயில்லையேன்னுட்டு வந்த வழியே போயிட்டாரு. புண்ணக் காட்டுனாத்தானப்பா மருந்து போடுவாங்க? கட்டுப் போட்டு மறச்சு வச்சுட்டு, டாக்டரு பாக்கலையேன்னா எப்புடி?"

அவள் சொன்னது நடந்த கதைதான். ஜெபக்குமார் பள்ளத்தைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், சிரித்தான். "சரி, பள்ளத்துக்கு நீங்களே காவல் இருங்க" என்று சொல்லிவிட்டு, கூப்பிடு தூரத்தில் கண்மாய்க் கரையோரம் கிராவலைக் கொட்டிவிட்டுப் போனான். ஆபீசர்கள் வந்து போனதும் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

காவல் என்று அவன் கிண்டலுக்குச் சொன்னான். அவள் நிஜமாகவே காவல் இருந்தாள். செங்கல் கட்டிகளைப் பள்ளத்தில் போட வந்த பால்காரரைத் தடுத்தாள். அதே சமயம் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று நொச்சிக் கொப்பு ஒன்றை வெட்டிப் பள்ளத்தோரம் நட்டு, தையல் மிஷினடியில் கிடந்த சிவப்பு ஜாக்கெட் துணியைக் கிழித்து அதில் கட்டியும் வைத்தாள். மனசாட்சிக்கு அதுவே போதும் என்று அப்போது தோன்றியது.

ஆபீசர்கள் வரவில்லை. மழை வந்தது. ராத்திரியெல்லாம் பெய்து, கலிங்கில் தண்ணீர் வழிந்து, நொச்சிக் கொப்பை இழுத்துக்கொண்டு போனது. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிச் சாலையோடு சாலையாகச் சமமாகக் கிடந்தது. விடிந்தும் விடியாமலும் தூறலில் வேலைக்குக் கிளம்பிய ஷர்லி வளைவில் திரும்பினாள், அவ்வளவுதான். வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அறுத்து உள்ளே தகடு வைத்தார்கள்.

செய்தி கேட்டபோது மரிய செல்வி சட்டியில் கடுகு போட்டிருந்தாள். கடுகு கருகி வீடெல்லாம் புகைந்தது, அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. 'நான்தானே, நான்தானே' என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. இருதயநாதன் வந்துதான் அடுப்பை அணைத்தார்.

சாயங்காலம் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஷர்லி மயக்கத்தில் கிடந்தாள். வராந்தாவில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஷர்லியின் அப்பா குழந்தைசாமி ஆவூரிலிருந்து வந்திருந்தார். மகளைக் குவைத்துக்கு அனுப்பப் போகிற பெருமையில் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதர். துக்கத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் மருமகன்மேல் பாய்ந்தார்.

"டிராக்டர் வச்சிருக்கீங்களே மாப்ள, ஊருக்கெல்லாம் மண்ணடிக்கிறீங்களே. பொண்டாட்டி தெனமும் போற ரோட்டுல ஒரு நடை கொட்ட முடியலையா ஒங்களுக்கு?"

எல்லோரும் ஜெபக்குமாரைப் பார்த்தார்கள். அவன் ஒரு நொடி மரிய செல்வியைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நேரமில்லாமப் போச்சு மாமா" என்றான்.

மரிய செல்வியின் கையில் தூக்குவாளி கனத்தது. 'இல்லைங்க, அவன் கொண்டுதான் வந்தான், நான்தான் தடுத்தேன்.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆபீஸ் ஆபீஸாகப் போய் மேசையைத் தட்டியவள் அவள். அந்த வராந்தாவில் அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது வேண்டாம், அழுகையும் ஆத்திரமுமாக இருக்கிறார்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த 'அப்புறம்' தள்ளிக்கொண்டே போனது.

அதற்குப் பதிலாகச் சாப்பாடு போனது. ஷர்லி வீட்டுக்கு வந்த பிறகு தினமும் மத்தியானம் மரிய செல்வி ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல், எலும்புக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் அதைச் செய்தாள். ஷர்லிக்குத் தலை பின்னிவிட்டாள். துவைத்த துணிகளை மடித்து வைத்தாள். "சொந்த மாமியார்கூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்று பக்கத்து வீட்டு சுகுணா சொன்னபோது, யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது அவளுக்கு. ஷர்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்கு வலிதான் காரணம் என்று மரிய செல்வி தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

கட்டுப் பிரித்த பிறகும் கை முழுதாகத் திரும்பவில்லை. ஊசி போடுகிற விரல்கள் ஒரு டம்ளரைப் பிடிக்கத் திணறின. குவைத்துக்காரர்கள் காத்திருக்கவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டது. ஊரில் பேச்சு ஜெபக்குமார்மேல் விழுந்தது. சோம்பேறி, பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருந்தவன், சாமி கூலி கொடுத்துவிட்டது என்றார்கள். குழந்தைசாமி மகளைப் பார்க்க வந்தால் சர்ச் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு அவளை அங்கே வரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். மருமகன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஜெபக்குமார் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்தால் மட்டும் முன்போலவே "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியாரிடமும் நேராகச் சொல்ல வரவில்லை. "பிறத்தியாருக்கு இடைஞ்சலா இருந்தேன் சாமி" என்றாள். சாமியார் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னாள். பாரம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. குறையாது என்று அவளுக்கே தெரியும். தையல்காரியிடம் அளவு கொடுக்காமல், துணியின் நிறத்தை மட்டும் சொல்லி ஜாக்கெட் கேட்டது போலத்தான் அவள் செய்தது.

தை மாதம் பிறந்த பிறகு ஆபீசர்கள் வந்தார்கள். ஆபீசர்கள் என்றால் ஒரே ஒருவர், அரவிந்த்குமார் என்கிற இளம் பொறியாளர். பைக்கில் வந்து, கலிங்குப் பாலத்தில் இறங்கி, டேப்பை நீட்டிச் சாலையின் அகலத்தை அளந்தார். மரிய செல்வி ஓடினாள். பள்ளத்தைக் காட்டினாள். ஷர்லி விழுந்ததைச் சொன்னாள். அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"இதயும் எழுதிக்கங்க சார். நீங்க பாக்கணும்னுதான் மூடாம வச்சிருக்கோம்."

அவர் புரியாமல் பார்த்தார். "எதுக்கும்மா?"

"மூடிட்டா, ரோடு நல்லா இருக்குன்னு நிதி குடுக்க மாட்டீங்களே..."

"அப்படியெல்லாம் இல்லம்மா. ரோடு எங்களுக்கு வர்றதுக்கு நீளம், அகலம், எத்தனை ஊருக்குப் போகுது, எத்தனை வண்டி போகுதுன்னுதான் பாப்போம். வந்த பெறகு மொத்தமா தோண்டிட்டுத்தான் புதுசாப் போடுவோம். பள்ளம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." அவர் தயங்கினார். "அன்னிக்கே நாலு சட்டி மண்ண அள்ளிப் போட்டிருக்கலாமேம்மா. யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க."

ஆணை வர வேண்டும், அதன்பிறகு வரும் நிதியாண்டில் கேட்க வேண்டும் என்று அவர் மேலும் என்னென்னவோ சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. திருவிழா சமயத்தில் வந்து பார்த்துவிட்டுப் போன ஆள் பரவாயில்லை என்றாரே, அதுவும் சும்மா வாய்வார்த்தைதானா? அந்த ஒரு வார்த்தையை நம்பியா அவள் இத்தனை நாள் காவல் காத்தாள்? பள்ளத்தைக் காத்ததில் ஊருக்கு ஒரு காசு நன்மை இல்லை. நல்லதுக்குத்தானே செய்தோம் என்று பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பும் கையை விட்டுப் போனது.

அன்று மத்தியானம் தூக்குவாளியோடு போனவள், அதை இறக்கி வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள். ஷர்லி கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பந்தை வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஜெபக்குமார் வீட்டில் இல்லை.

"ஷர்லி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. ஜெபா கிராவல் கொண்டாந்தான். நான்தான் கொட்ட வேணாம்னு தடுத்துட்டேன். ஒங்கையி இப்புடி ஆனதுக்கு நான்தாம்மா காரணம்."

ஷர்லி பந்தை அழுத்துவதை நிறுத்தவில்லை.

"தெரியும் அத்தை" என்றாள்.

மரிய செல்வி தூக்குவாளியைக் கட்டிலோரம் இறக்கி வைத்தாள்.

"கொட்டாமத் திரும்புன அன்னிக்குச் சாயந்தரமே சொல்லிட்டாரு. அத்தை பள்ளத்துக்குக் காவல் நிக்கிறாங்கன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம். பள்ளம் இருக்குன்னு எனக்குந்தான் தெரியும், அன்னிக்குத் தண்ணியில எடம் தப்பிப் போச்சு. நீங்க வேணும்னா செஞ்சீங்க? ஊருக்கு நல்லதுன்னு நெனச்சீங்க. அதுக்கு நான் கோவப்படலை."

மரிய செல்வி அழுதுகொண்டே அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஷர்லி கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில எங்கப்பா அவரக் கேட்டப்ப, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? மயக்கத்துல இருந்தேன், எனக்கு அது தெரியாது. அங்க வந்திருந்த சுகுணா அக்காதான் சொன்னாங்க. அவரு ஒங்களக் காட்டிக் குடுக்க மாட்டாரு. நானும் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சோறு கொண்டு வாரப்பல்லாம் இன்னிக்குச் சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சொல்லிட்டேனேம்மா இப்ப..."

"எங்கிட்ட சொல்லி என்னத்தச் செய்ய? எனக்குத்தான் தெரியுமே."

இடது கையால் தூக்குவாளியை எடுத்து, திறக்காமலே அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள் ஷர்லி. மரிய செல்வி அதை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வீடு வந்தாள். இருதயநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து பின்பக்கம் போனார். கொட்டகையிலிருந்து மண்வெட்டியையும் இரும்புச் சட்டியையும் எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் கலிங்குப் பாலத்துக்குப் போனாள். ஜெபக்குமார் கொட்டிய கிராவல் மழையில் பாதி கரைந்து, மீதி கரையோரம் கிடந்தது. அதை வெட்டிச் சட்டியில் அள்ளிச் சுமந்து வந்து பள்ளத்தில் போட்டாள். பள்ளத்துக்குப் பயந்து அந்த இடத்தில் எல்லா வண்டியும் நின்று நிதானித்துத்தான் போக வேண்டும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முதலில் பால்காரர் வந்தார். "என்ன கவுன்சிலரம்மா, நீங்க போயி மண்ணு சொமக்குறீங்க?"

"அன்னிக்கு ஜெபா கிராவல் கொண்டாந்தான், நான்தான் கொட்ட விடல. அதான் ஷர்லி விழுந்துச்சு. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

பால்காரர் மணியை அடித்துவிட்டுப் போனார். அடுத்து கம்பெனி வேன் வந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பெண்களிடமும் அதையே சொன்னாள். பள்ளிக்கூட வேன் டிரைவரிடம் சொன்னாள். ஒருத்தன் "விடுங்கம்மா, ஆனது ஆயிப்போச்சு" என்றான். ஒருத்தி "இத்தன நாளு என்னா செஞ்சீங்க?" என்று கேட்டாள். அவள் அடுத்த சட்டியை அள்ளினாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முந்தின தடவையைவிட வெட்கமாக இருந்தது. பழகிப்போகும் என்று நினைத்தாள், பழகவில்லை.

வெயில் ஏறியபோது ஒரு மொபெட் வந்து நின்றது. குழந்தைசாமி. மகளைப் பார்க்க ஆவூரிலிருந்து வருகிறார். அவரைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். சொன்னாள். வராந்தாவில் சொல்லியிருக்க வேண்டிய அதே வார்த்தைகள். அவர் காலை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்காமல், வண்டியைக் கிளப்பி ஊருக்குள் போனார். அந்த வண்டி சர்ச் வாசலில் நிற்கவில்லை, நேரே மருமகன் வீட்டுக்குப் போனது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பள்ளம் பாதிகூட நிறையவில்லை. கரையோரம் கிடந்த கிராவலோ தீர்ந்துவிட்டது. சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

ஊர்ப் பக்கமிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. டிப்பர் நிறையப் புதுக் கிராவலோடு ஜெபக்குமார் வந்துகொண்டிருந்தான். பள்ளத்துக்கு நேராக வந்து, திருப்பி, பின்பக்கத்தைச் சரியாக வைத்து நிறுத்தினான். இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"கொட்டட்டுமா அத்தை?"

கிண்டல் இல்லை அந்தக் குரலில். அன்றைக்குக் கேட்ட மாதிரியே, மரியாதைக்குத்தான் கேட்டான். மரிய செல்வி எழுந்து ஓரமாக ஒதுங்கினாள். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் கொட்டவில்லை. அவள் வாய் திறந்து சொல்லட்டும் என்று, ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"கொட்டுப்பா" என்றாள்.